ரத்தநாளம் வழியாக உணவு: குடல் அழற்சி நோயாளியின் வீட்டார் முதல் நாளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை

குடல் அழற்சி நோய்களான குரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ முற்றிப்போய், எடை மளமளவென்று இறங்கியிருக்கும் நேரத்தில் டாக்டர் "டிபிஎன் ஆரம்பிச்சிடலாம்" என்பார். உடம்புக்கு வேண்டிய உணவு முழுவதையும் ரத்தநாளம் வழியாக ஏற்றுவதற்குத்தான் டிபிஎன் என்று பெயர். வீட்டார் தலையாட்டிவிட்டு, அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்ததும் எங்களிடம் வருவார்கள். "சிஸ்டர், அது குளுக்கோஸ் ஏத்துற மாதிரிதானுங்களா?" சேலத்தில் ஒரு மருத்துவமனையின் குடல்நோய் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வார்டில் நேரம் வாய்ப்பதில்லை. ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி, ஏற்காட்டு மலைக் கிராமங்கள் என்று பல பக்கமிருந்தும் வருகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அவரிடம் என்ன கேட்பது, படுக்கைப் பக்கத்தில் எதைக் கவனிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

குளுக்கோஸ் பாட்டில் வேறு, இது வேறு

சாதாரணமாக ஏற்றும் 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. 200 கலோரிக்கு மேல் போகாது. நாலு இட்லி சாப்பிட்டதற்குச் சமம், அவ்வளவுதான். அதில் புரதமும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. அதை நாள் கணக்கில் ஏற்றிக்கொண்டே "தெம்பு ஏறுது" என்று நம்பியிருந்தால் சதை கரைந்துகொண்டேதான் இருக்கும்.

டிபிஎன் பையில் குளுக்கோஸ், புரதத்துக்கு அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் இருக்கும். பால் நிறம் வருவது அந்தக் கொழுப்பால்தான். குடலைத் தொடாமலே ஒரு உயிர் வளர முடியும் என்பதை 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் முதலில் நாய்க்குட்டிகளிடம் காட்டினார்கள். பிறகு, குடல் வேலை செய்யாமல் பிறந்த ஒரு குழந்தையை அப்படியே வளர்த்தும் காட்டினார்கள். அதற்குச் சற்று முன்னால் சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட், ரத்தத்தில் பத்திரமாகக் கலக்கக்கூடிய கொழுப்புக் கலவையைக் கண்டுபிடித்திருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று கம்பியில் தொங்கும் பை.

முதல் படி: ஏன், எதுவரைக்கும் என்று கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பை தொங்குவதற்கு முன்பே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "வாய் வழியாவோ மூக்குக் குழாய் வழியாவோ ஏன் கொடுக்க முடியல?" "எது சரியானா இதை நிறுத்துவீங்க?"

காரணம் இருக்கிறது. ரத்தநாளம் வழியாகக் கொடுக்கும் உணவு குடல் அழற்சியை ஆற்றும் மருந்து இல்லை. குடல் தன் வேலையைச் செய்ய முடியாத நாட்களில் உடம்பைப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவது அதன் வேலை. அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் மாத்திரைகள், பயாலஜிக் ஊசிகள், தேவைப்பட்டால் ஆபரேஷன். குடலுக்கு முழு ஓய்வு கொடுத்தால் குரோன் நோய் தானாக அடங்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1988-ல் கனடாவின் கிரீன்பெர்க் குழுவினர் 51 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு முழுக்க ரத்தநாளம் வழி உணவு, ஒரு பிரிவுக்குக் குழாய் வழி திரவ உணவு, ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டோடு கொஞ்சம் ரத்தநாளம் வழியும். நோய் அடங்கியதில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் குடலைப் பட்டினி போடுவதால் தனிப் பலன் கிடையாது.

அதனால் குடல் கொஞ்சமாவது வேலை செய்தால் குடல் வழியே கொடுப்பதுதான் முதல் வழி. குழந்தைகளுக்குக் குரோன் நோய் வந்தால் 6 முதல் 8 வாரம் திரவ உணவை மட்டுமே கொடுப்பது ஒரு சிகிச்சையாகவே நடக்கிறது. "மூக்குல டியூப் வேண்டாம், நரம்புலயே ஏத்திடுங்க" என்று கேட்கிறவர்கள் அதிகம். டியூப் பார்க்கப் பயமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டில் ஆபத்து குறைவானது அதுதான்.

சரி, எப்போதுதான் டிபிஎன் தேவை? குடல் சுருங்கி அடைத்துக்கொண்டு, அடைப்பைத் தாண்டி எதையும் அனுப்ப முடியாதபோது. ஃபிஸ்டுலா (குடலில் ஓட்டை விழுந்து உண்டாகும் தவறான பாதை) வழியாகக் குடல்நீர் லிட்டர் கணக்கில் வெளியேறும்போது. ஆபரேஷனில் குடலை ஒட்டிய இடம் கசியும்போது. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு சிறுகுடல் 200 சென்டிமீட்டருக்கும் குறைவாக மிஞ்சி, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாதபோது. அப்புறம், மிகவும் இளைத்தவரை ஆபரேஷனுக்குத் தயார் செய்ய வேண்டி, குடல் வழியாகப் போதுமான அளவு கொடுக்க முடியாதபோது. உங்கள் வீட்டு நோயாளி இதில் எந்த வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்போது நிறுத்தலாம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. குடல் காசநோய் பார்ப்பதற்கு அச்சு அசல் குரோன் மாதிரியே இருக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தைத்தான் இரண்டும் பிடிக்கும். நோயின் பெயரை உறுதி செய்ய டாக்டர் பல பரிசோதனைகள் எழுதினால், இழுத்தடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். காசநோய் இருப்பவருக்குக் குரோன் மருந்து கொடுத்தால் காசநோய் பரவிவிடும்.

இரண்டாம் படி: முதல் சில நாள் அவசரப்படாதீர்கள்

நீண்ட நாள் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக முழு அளவு ஏற்றக்கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினி கிடந்த கைதிகளுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டபோது சிலருக்கு இதயம் செயலிழந்தது. பட்டினியில் இருக்கும் உடம்பில் சர்க்கரை திடீரென்று புகுந்தால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை சட்டென்று குறையும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும்.

அதனால்தான் மிகவும் மெலிந்தவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 5 முதல் 10 கலோரியில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக 25 முதல் 30 வரை கொண்டுபோவார்கள். சர்க்கரைக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். தினமும் ரத்தம் எடுப்பார்கள். "ரத்தமே இல்லாத உடம்புல தினமும் எடுக்கிறீங்களே" என்று கோபித்துக்கொள்ளும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் அந்தச் சில மில்லியில்தான் மேலே சொன்ன மூன்று உப்பும் தெரியும்.

கணக்கு ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு முழு அளவில் சுமார் 1,250 முதல் 1,500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். நோய் தீவிரமாக இருக்கும்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது அந்தக் கணக்கு. ஒரு வாரம் கழித்து, "இன்னிக்கு எத்தனை கலோரி போகுதுங்க, புரதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

மூன்றாம் படி: லைனைக் காப்பாற்றுவது

முழு அளவு டிபிஎன் கலவை மிகவும் அடர்த்தியானது. புறங்கையில் இருக்கும் சின்ன நரம்பில் ஏற்றினால் அது வீங்கிக் கெட்டுவிடும். அதனால் மேல்கையில் ஊசி வைத்து, நீளமான மெல்லிய குழாயை இதயத்துக்கு மேலே உள்ள பெரிய ரத்தநாளம் வரை கொண்டுபோவார்கள். அதுதான் பிக் லைன். சிலருக்குக் கழுத்திலோ மார்பிலோ வைப்பார்கள். முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் பை தொங்கும். கொஞ்ச நாளுக்கு மட்டும் என்றால் அடர்த்தி குறைந்த பையைக் கை நரம்பில் ஏற்றுவதும் உண்டு.

டிபிஎன்னில் நாங்கள் அதிகம் பயப்படுவது இந்த லைன் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போவதைத்தான். குழாயின் நுனியில், பையை இணைக்கும் சின்ன மூடி இருக்கிறதே, அதுதான் வாசல். அதைத் தொடும் முன் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: முழங்கை வரை சோப்பு, கையுறை, ஸ்பிரிட் பஞ்சால் அந்த மூடியைச் சுற்றிச் சுற்றிக் குறைந்தது 15 விநாடி தேய்ப்பது, அப்புறம் கைவைக்காமல், ஊதாமல், தானாகக் காயவிடுவது. காய்வதற்குள் இணைத்தால் தேய்த்ததற்குப் பலன் பாதிதான். யாராவது அவசரத்தில் தேய்க்காமல் இணைக்கப் போனால், "கொஞ்சம் தேய்ச்சிட்டு மாட்டுங்க சிஸ்டர்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கு அப்படி யாராவது சொன்னால் நான் நன்றிதான் சொல்வேன்.

டிபிஎன்னுக்கென்று ஒதுக்கிய பாதையில் வேறு மருந்து ஏற்றக்கூடாது, அதிலிருந்து ரத்தமும் எடுக்கக்கூடாது. அந்தக் கையில் பி.பி. பட்டை கட்டக்கூடாது. லைனைக் கழுவ 10 மில்லி சிரிஞ்சுதான். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கும். மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்திரியை வாரம் ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆனால் சித்திரை வெயிலில் சேலத்து வியர்வைக்கு அது ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. ஓரம் எழும்பினாலோ உள்ளே ஈரம் தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பை ஏறும் நேரம்

பெரும்பாலும் வருவது மூன்று அறை கொண்ட பை. குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஏற்றும் முன் சுத்தமான மேசையில் வைத்து, மேலிருந்து பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டினால் நடுவில் இருக்கும் தையல்கள் விட்டுக்கொடுக்கும். பிறகு தலைகீழாக இரண்டு மூன்று முறை புரட்டினால் ஒரே வெள்ளையாகும். அதில் மஞ்சள் எண்ணெய் பிரிந்து மிதந்தாலோ, துகள் தெரிந்தாலோ அந்தப் பை வேண்டாம்.

வைட்டமின்கள் அந்தப் பையில் கிடையாது; தனியாகச் சேர்க்க வேண்டும். துத்தநாகம், செலினியம் போன்ற நுண் தாதுக்கள் போதுமா, சேர்க்க வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். விலை கூடுகிறது என்றோ, கடையில் இல்லை என்றோ இதை விட்டுவிட இடம் கொடுக்காதீர்கள். 1997-ல் அமெரிக்காவில் வைட்டமின் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அது சேர்க்காத பை ஏறிய நோயாளிகளுக்குத் தயமின் குறைந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது.

வேகத்தை பம்ப் பார்த்துக்கொள்ளும். "சீக்கிரம் முடியட்டும்" என்று யாரும் கை வைக்கக்கூடாது. சுருட்டிக் கலந்த பையை 24 மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடக்கூடாது. மீந்திருந்தால் கொட்டத்தான் வேண்டும். காசு போகிறதே என்று பார்க்கக்கூடாது. குழாய் செட்டும் அதோடு மாறும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது குளிர் நடுக்கம். பை ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, போர்வை போர்த்திவிட்டு உட்காராமல் உடனே கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமலும் போகலாம், அதனால் நடுக்கமே போதுமான காரணம். அடுத்து, லைன் இருக்கும் கையோ கழுத்தோ வீங்குவது. குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது ரத்தம் உறையும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், லைன் அதை இன்னும் கூட்டும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஸ்டீராய்டும் பையும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்துவது அதற்காகத்தான். பையைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை சரியும். அதனால் கடைசி ஒரு மணி நேரம் வேகத்தைக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை. குடித்தது, ஏறியது, சிறுநீர், வாந்தி, ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் ஆபரேஷனில் வைத்த திறப்பு) பையில் வந்தது எல்லாம் ஒரு தாளில். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை கிடையாது, தண்ணீர்.

வாய்க்கு என்ன கொடுப்பது

சேலத்துக்காரர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்றால் குழந்தைக்கும் ஆகும், நோயாளிக்கும் ஆகும். அதனால் பார்க்க வரும் அத்தை, பெரியம்மா யாராவது டிபன் கேரியரில் கொண்டுவந்து, "ரெண்டு வாய்தானே, பையன் ஏங்கிப் போயிருக்கான்" என்று கொடுத்துவிடுவார்கள். குடல் அடைத்திருப்பவருக்கு அந்த இரண்டு வாயே வயிற்றை உப்பவைத்து வாந்தியில் கொண்டுவிடும். "வாய் வழி ஒன்றும் வேண்டாம்" என்று எழுதியிருந்தால் இளநீரும் வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று அனுமதித்தபின், பயந்துகொண்டு கொடுக்காமல் இருப்பதும் தவறு. வெறுமனே கிடக்கும் குடலின் உள்சுவர் மெலியும், பித்தப்பையில் பித்தம் தேங்கும். அனுமதித்த அளவை முழுதாகக் கொடுங்கள்.

சாப்பிடாவிட்டாலும் இரண்டு வேளை பல் துலக்கிவிடுங்கள். சாப்பாட்டு வாசனை படும் இடத்தில் படுக்கை இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். பசியே இல்லாவிட்டாலும் சாப்பாட்டை நினைத்து அழுகிறவர்கள் உண்டு. அதைப் பிடிவாதம் என்று திட்ட வேண்டாம்.

பணமும் காகிதமும்

பையின் விலை மட்டும் கேட்டால் போதாது. வைட்டமின், லைன், பம்ப் வாடகை, தினசரி ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் உங்கள் சிகிச்சையில் எந்தப் பகுதி அதில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டில் ஏற்ற வேண்டி வந்தால்

குடல் மிகவும் குட்டையாகிப் போனவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுளுக்கும் இது தேவைப்படும். அப்போது இரவு 10 முதல் 14 மணி நேரம் ஏற்றிவிட்டுப் பகலில் கழற்றிவிட்டு நடமாடலாம். நம் பக்கம் வீட்டில் ஏற்றுவது இன்னும் பரவலாகவில்லை. அதனால் வீட்டில் இருவராவது வார்டிலேயே முழுதாகக் கற்றுக்கொண்டு, எங்கள் முன் தாங்களே செய்து காட்டாமல் கிளம்பக்கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் செய்யலாம்.

பிரிக்காத பைக்கு 25 டிகிரிக்குள் இருக்கும் இடம் வேண்டும். ஏற்காட்டில் அது பெரும்பாலும் தானாகவே கிடைக்கும். அம்மாப்பேட்டையிலோ குகையிலோ ஓட்டு வீட்டில், பங்குனிக்கு மேல் ஏ.சி. அறையோ ஃபிரிட்ஜோ இல்லாமல் முடியாது. மருந்தகத்தில் கலந்து வரும் பை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது, உறைந்தால் கொழுப்பு பிரிந்துவிடும். ஏற்றுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள், வெந்நீரில் வைக்காதீர்கள்.

மலைக்காரர்களுக்குக் குளிர் சாதகம், தூரம் பாதகம். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். நாகலூர், செம்மனத்தம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முதல் சில வாரம் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது என்பேன். மேலே போன பிறகும் பம்ப் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்து வையுங்கள். மழைக்காலத்தில் கூடுதலாகச் சில நாள் பை கையில் இருக்கட்டும். இரவில் நடுக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பையை நிறுத்தி, லைனை மூடி, 108-ஐக் கூப்பிட்டுக் கீழே இறங்குங்கள். என்ன லைன், எப்போது வைத்தது, பையில் என்ன என்று எழுதிய தாள் கூடவே வரட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ தனியாரோ, எங்கே இறங்கினாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

குழாய் உடைந்தாலோ மூடி கழன்றாலோ, உடைந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் குழாயை மடித்துக் கிளிப் போடுங்கள். நோயாளியை இடது பக்கமாகத் தலை தாழ்த்திப் படுக்க வையுங்கள். காற்று உள்ளே போவதுதான் பயம். குளிக்கும்போது லைனைப் பிளாஸ்டிக் சுற்றி மறையுங்கள். கிணற்றுக் குளியல், ஏரி, ஆறு எல்லாம் லைன் எடுக்கும் வரை கிடையாது.

நிறுத்தும்போது

வாய் வழியோ குழாய் வழியோ தேவையில் பாதிக்கு மேல் ஒழுங்காகப் போகத் தொடங்கினால் பையைக் குறைப்பார்கள். சிறுகுடலில் ஸ்டோமா வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் தாகத்துக்கு வெறும் தண்ணீரோ இளநீரோ நிறையக் குடித்தால் ஸ்டோமாவில் இன்னும் அதிகமாக ஊற்றும், உப்பும் போகும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதுதான் சரி.

லைன் எடுக்கும் நாளில் நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இழுக்கும் நொடியில் மூச்சை அடக்கச் சொல்வோம். எடுத்த இடத்தைக் குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போடுவோம். அரை மணி நேரம் எழுந்திருக்க வேண்டாம், கட்டு ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். அதற்கப்புறமும் இரண்டு மூன்று நாளைக்கு அந்தக் கையில் வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ரிவ்யூவுக்கு எடைத் தாளையும் கொண்டு வாருங்கள்.